முத்துச்செல்வி வைத்திருந்த பெயர்கள்

கோவில்பட்டியில் அச்சாபீசுக்கா பஞ்சம்? எட்டயபுரம் ரோட்டில் மட்டும் நாலு இருந்தன. ஆனாலும் விளாத்திகுளத்திலிருந்தும் ஓட்டப்பிடாரத்திலிருந்தும் கல்யாணப் பத்திரிகை அடிக்க பஸ் ஏறி வருகிறவர்கள் நேரே அச்சாபீசுக்குப் போவதில்லை. மந்தித்தோப்பு ரோட்டுச் சந்துக்குள் இருக்கும் முத்துச்செல்வியின் வீட்டைத் தேடி வருவார்கள். முன்னறையில் கம்ப்யூட்டருக்கு எதிரே கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். அவள் அடித்துக் கொடுக்கும் தாளை வாங்கிக்கொண்டு அப்புறம்தான் அச்சாபீஸ்.

காரணம் இல்லாமல் இல்லை. கரிசல்காட்டுப் பத்திரிகையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நாலு வரி, சொந்தக்காரர்கள் நாற்பது வரி. யாருக்கு மேலே யார், யாருக்குக் கீழே யார் என்பதில்தான் குடும்பத்தின் மானமே இருக்கிறது. பெரியப்பா மகன் சித்தப்பாவுக்கு மேலே ஏறிவிட்டால் சித்தப்பா பந்தலுக்கு வரமாட்டார். செத்தவருக்கு முன்னால் ‘அமரர்’ போட மறந்தால் அவர் சம்சாரம் பந்தலில் வைத்தே சண்டைக்கு வந்துவிடும். முத்துச்செல்வியிடம் ஒரு தடவை பத்திரிகை அடித்த வீட்டின் பெயர் வரிசை அவள் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கும். அடுத்த விசேஷத்துக்கு வந்தால், “புதுசா யாரும் தவறிட்டாவளா, யாருக்கும் கல்யாணம் ஆச்சா” என்று இரண்டே கேள்விதான் கேட்பாள். முந்நூற்றுச் சொச்சம் குடும்பங்கள் இப்படி அவளிடம் இருந்தன.

அதில் அவள் மட்டுமே அறிந்த ஒரு வேலையும் இருந்தது. கிணற்றுப் பங்கில், வரப்பில், நகையில் சண்டை போட்டுவிட்டு வந்து, “இன்னார் பேர எடுத்துரு தாயி” என்பார்கள். அவள் எடுக்கமாட்டாள். அந்தப் பெயரை வெள்ளை எழுத்தாக மாற்றி, அளவையும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கி, இருந்த இடத்திலேயே விட்டுவிடுவாள். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து, வரி இருப்பதே தெரியாது. சொந்தக்காரச் சண்டை மூன்று முகூர்த்தம் தாங்காது என்பது அவள் கண்ட அனுபவம். சமாதானம் ஆகித் திரும்பி வரும்போது அந்தப் பெயர் பழைய இடத்தில், பழைய மரியாதையோடு மறுபடி கறுப்பாகும். “எப்படித் தாயி எடம் மாறாம ஞாபகம் வச்சிருக்க” என்று ஆச்சரியப்படுவார்கள். சிரித்துக்கொள்வாளே தவிர சொல்லமாட்டாள். கட்டின புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் கடையில் வாங்கியது இல்லை. தொண்ணூற்று எட்டில் அவளும் விஜியும் சேர்ந்து பூட்டியது. விஜி அவளோடு டைப்ரைட்டிங் படித்தவள். இவளுக்குத் தமிழ் கீபோர்டில் விரல் பறக்கும், அவளுக்கு ஸ்குரூ டிரைவரைக் கையில் கொடுத்தால் போதும். தூத்துக்குடியில் ஆறு மாத ஹார்டுவேர் கோர்ஸ் முடித்திருந்தாள், வகுப்பில் பொம்பளைப் பிள்ளை அவள் ஒருத்திதான். இரண்டு பேரும் மதுரைக்குப் போய் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி போர்டு, ராம், நாலு ஜிபி டிஸ்க்கு என்று வாங்கி, மானிட்டரை விஜியும் கேபினெட்டைச் செல்வியும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். செல்வியின் வீட்டுத் தரையில் பாயை விரித்து அதன்மேல் வைத்துப் பூட்டினார்கள். முதல் தடவை திரை வெளிச்சமானபோது இரண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். விஜி பிறகு விளாத்திகுளத்துக்கு வாக்கப்பட்டுப் போய், அங்கே ஒரு சின்னக் கடை போட்டு டிவி, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சு வருஷத்தில் அந்தப் பெட்டி கிழடு தட்டிப்போயிற்று. கோடையில் கரிசல் புழுதி உள்ளே போய் அப்பும், செல்வி மூடியைக் கழற்றி சைக்கிள் பம்பால் காற்றடிப்பாள். உள்ளே பேட்டரி செத்துவிட்டதால் எப்போது போட்டாலும் தேதி தொண்ணூற்று எட்டு ஜனவரி ஒன்று என்றே காட்டும். டிஸ்க்கு நிறைந்து வழிந்தது. பத்திரிகை அடிக்கிற பேஜ்மேக்கர் திறப்பதற்குள் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்துவிடலாம். அது போகட்டும், இரண்டாயிரத்து மூன்று சித்திரையில் டிஸ்க்கு கடக் கடக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டால் அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவாள். பெட்டி போனால் பெட்டி, ஆனால் அந்த முந்நூறு குடும்பமும் போனால் அவள் யாரோ.

அவள் புருஷன் மாரிராஜ் தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கணக்குப் பார்ப்பவன். கெட்ட பழக்கம் கிடையாது, கைச்செட்டு, காசை எண்ணித்தான் எடுப்பான். புதுக் கம்ப்யூட்டர் என்றால் முப்பதாயிரம் என்று கேட்டதும் அன்றைக்கு அவன் சாப்பாட்டையே பாதியில் வைத்துவிட்டான். செல்வியிடம் தீபாவளிச் சீட்டை முன்கூட்டி எடுத்த ஆறாயிரம் இருந்தது. விஜிக்குப் போன் போட்டாள்.

விஜி மறுநாளே வந்தாள். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “ஏட்டி, இதுல கேபினெட்டும் மானிட்டரும் தவிர எதுவும் தேறாது. செகண்ட் ஹேண்ட்ல பி-த்ரீ போர்டு ஒன்னு எங்கிட்ட கெடக்கு. டிஸ்க்கு மட்டும் புதுசாப் போடுவோம்” என்றாள்.

“எங்கிட்ட ஆறுதான் இருக்கு விஜி.”

விஜி மூடியைத் திரும்ப மாட்டினாள். “பாப்போம். சமாளிக்கலாம்” என்றாள்.

அந்தப் புதுப் போர்டு பழைய கேபினெட்டுக்குள் உட்காரவில்லை. பின்பக்கம் ஒயர் சொருகும் ஓட்டைகள் வேறு மாதிரி, கரண்டுப் பெட்டியும் வேறு. கேபினெட்டும் புதிதாக வாங்க வேண்டும் என்றால் இன்னும் ஆயிரத்துச் சொச்சம். செல்வி யோசிக்கவில்லை. வெறும் கேபினெட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி அடித்துத் தரும் தகரப் பட்டறைக்குப் போய்விட்டாள். விஜி கூடவே போய் சாக்பீசால் கோடு போட்டாள். பட்டறைக்காரர் முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒன்றை வெட்டியதில்லை என்று சொல்லிக்கொண்டே பின்பக்கத்தை வெட்டிக் கொடுத்தார். விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்க சைக்கிள் டியூப்பை நறுக்கி ஒட்டினார்கள். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்புக்குக் கணக்கில்லை.

போர்டு ஏறியது. பழைய டிஸ்க்கிலிருந்து புதிய டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் மாற்றும் வேலைதான் பாக்கி. கடகடக்கும் டிஸ்க்கை இங்கே வைத்து மாற்றினால் நடுவில் நின்றுவிடும், தன் கடையில் அதற்கு வசதி இருக்கிறது, இரண்டு நாளில் தருகிறேன் என்றாள் விஜி. செல்விக்குக் கொடுக்க மனசே இல்லை. ஆனால் கொடுப்பது விஜியிடம் அல்லவா. சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த பட்டுத்துணியில் டிஸ்க்கைச் சுற்றிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் மாரிராஜ்தான் மொபெட்டில் விளாத்திகுளம் போய் இரண்டு டிஸ்க்கையும் வாங்கி வந்தான்.

புதுப் பெட்டி பறந்தது. பேஜ்மேக்கர் கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. குடும்பங்கள் எல்லாம் ஒன்று குறையாமல் இருந்தன. செல்வி ஒரு ஞாயிற்றுக்கிழமை விஜியையும் அவள் பிள்ளைகளையும் வரவழைத்து நாட்டுக்கோழி அடித்துப் போட்டாள், சேலை எடுத்துக் கொடுத்தாள். “பத்தாயிரத்து வேலைய ஆறாயிரத்துக்குச் செஞ்சு குடுத்தா. கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்யமாட்டா” என்று தெருவெல்லாம் சொன்னாள். ராத்திரிச் சாப்பாட்டில் புருஷனிடமும் அதையேதான் சொன்னாள். அவன் “உம்” கொட்டிக்கொண்டு சாப்பிட்டான். அந்த “உம்”மை நினைத்தால் இதை எழுதுகிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

ஆவணி முகூர்த்தம் வந்தது. கோவில்பட்டிக்காரர்கள் வந்தார்கள், ஓட்டப்பிடாரத்துக்காரர்கள் வந்தார்கள். விளாத்திகுளம் பக்கத்து ஆட்கள்தான் குறைவாக வந்தார்கள். மழை இல்லை, மிளகாய் விலை இல்லை, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருப்பார்கள் என்று அவளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். நம்புகிறவர்களுக்குக் காரணமா கிடைக்காது?

புரட்டாசி பிறந்து நாலாம் நாள் சங்கரம்மாள் வந்தாள். விளாத்திகுளத்துக்குத் தெற்கே மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி வீட்டுக்காரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூத்த மகள் கல்யாணத்துக்குச் செல்விதான் பத்திரிகை அடித்துக் கொடுத்தாள். இன்றைக்கு சங்கரம்மாள் தண்ணீர் கேட்கவில்லை, பெஞ்சில் உட்காரவும் இல்லை. மஞ்சள் தடவின ஒரு பத்திரிகையைக் கீபோர்டின்மேல் போட்டாள்.

“எதுக்கு தாயி இப்படிச் செஞ்ச” என்றாள்.

செல்வி எடுத்துப் பார்த்தாள். இளைய மகளின் கல்யாணம், ஆவணி இருபத்தெட்டில் முடிந்திருந்தது. “இது நான் அடிக்கலயே மதினி.”

“அடிக்கலன்னா அதுல சீனி பேரு எப்படி வந்துச்சு?”

சீனி சங்கரம்மாளின் கொழுந்தன். அவனுக்கும் சங்கரம்மாளின் தம்பி பூவனநாதனுக்கும் கிணற்றுப் பங்கில் வெட்டுக்குத்து ஆகி, போலீஸ் கேஸ் வரைக்கும் போயிருந்தது. மூத்தவள் கல்யாணத்தின்போதே, சீனி பெயர் இருக்கிற பத்திரிகையில் தன் பெயர் இருந்தால் மேடை ஏறமாட்டேன் என்று பூவனநாதன் சொல்லிவிட்டான். அதனால்தான் செல்வி சீனியை வெள்ளையாக்கினாள். இப்போது அதே வரிசையில், அதே இடத்தில், பூவனநாதனுக்கு நேர் மேலே சீனி கறுகறுவென்று உட்கார்ந்திருந்தான்.

“எங்கன மதினி அடிச்சீங்க?”

“விளாத்திகுளத்துல விஜி கடையிலதான். ஒங்க வீட்டுப் பேரெல்லாம் இங்கனயே இருக்கு, செல்வியும் நானும் ஒன்னுதான், எதுக்கு கோவில்பட்டிக்கு அலையுதீங்கன்னா. மொதல்ல அடிச்சுக் காட்டினப்போ எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. எழுத்து மங்கலா இருக்கு, அழுத்தமாப் போடுன்னு எங்க வீட்டுல சொல்லிட்டு வந்தாவ. அச்சாகி வந்த கட்ட நாங்க யாரும் பிரிச்சுப் படிக்கல. ஐநூறு வீட்டுக்குக் குடுத்தாச்சு.”

செல்விக்குப் புரிந்துவிட்டது. எழுத்தை அழுத்தமாக்க, விஜி மொத்தப் பெயர்களையும் ஒரே பிடியாகப் பிடித்து ஒரே அளவாக்கிக் கறுப்பாக்கியிருக்கிறாள். ஒளிந்திருந்தவன் எழுந்து நின்றுவிட்டான். அந்தப் பெயர் அந்த இடத்தில் ஒளிந்து கிடந்தது உலகத்திலேயே ஒரு டிஸ்க்கில்தான். விஜி தானே கேட்டு எழுதி அடித்தாள் என்று இனி நினைக்கவே முடியாது.

“எந்தம்பி வரல” என்றாள் சங்கரம்மாள். “தாய்மாமன் மால போட்டுக் கூட்டிட்டு வரணும். மணமேடைக்கு எம்மக தனியா நடந்து வந்தா. எங்க வீட்டுச் சண்டைய நான் ஒருத்திகிட்ட மட்டுந்தான் சொன்னேன். ஞாயித்துக்கிழம வாரேன், இது எப்படி அங்கன போச்சுன்னு நீ எனக்குச் சொல்லணும்.”

அடுத்த பஸ்ஸிலேயே செல்வி விளாத்திகுளம் போனாள். விஜி கடைக்கு முன்னால் புது போர்டு தொங்கியது: ரிப்பேர் என்று இருந்த இடத்தில் ‘கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, மஞ்சள் நீராட்டு’. உள்ளே கம்ப்யூட்டர் திரையில் வரிசையாகச் செல்வி தன் ஃபைல்களுக்கு வைத்த பெயர்கள், ஆங்கில எழுத்தில், அவள் பழக்கத்தில் செய்த எழுத்துப் பிழைகளோடு. நடுவில் ‘நம்ம வீடு’ என்ற ஒன்றும் இருந்தது. அது செல்வி தன் மகளுக்குக் காது குத்தியபோது அடித்த பத்திரிகை. அதையாவது விட்டிருக்கலாம் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு முதல் தடவை கண்ணீர் வந்தது.

விஜி எழுந்தாள். “வா செல்வி. டீ சொல்லுதேன்.”

“டீ வேண்டாம். எங்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருக்க மாட்டேனா விஜி?”

“குடுத்திருக்கமாட்ட” என்றாள் விஜி. அது உண்மைதான்.

“அதனால திருடிட்ட.”

விஜிக்கு முகம் சிவந்தது. “திருடல. வாய்க்கு வந்தத சொல்லாத. மொத்தம் பத்தாயிரம் ஆச்சு. நீ தந்தது ஆறு. மிச்சத்த எப்பத் தருவீயன்னு அண்ணன்ட்ட கேட்டேன், டிஸ்க்கு வாங்க வந்தாவல்ல, அப்போ. நாலாயிரத்துக்குப் பதிலா உள்ள இருக்கத ஒரு காப்பி வச்சுக்கன்னு அவியதான் சொன்னாவ. இன்னைக்கு ரிப்பேருக்கு யாரு வாரா? எனக்கும் ரெண்டு பிள்ளையிருக்கு.”

 செல்வி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு இது தெரியும்னா நெனச்ச?”

“அப்படித்தான் நெனச்சேன்.” விஜி திரையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். “கோழி அடிச்சுப் போட்டியே, அன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு, ஒனக்குத் தெரியாதுன்னு.”

“தெரிஞ்சுமா சாப்பிட்ட?”

 ரிப்பேருக்கு ஒரு டிவியைத் தூக்கிக்கொண்டு யாரோ உள்ளே வந்தார்கள். செல்வி ஒதுங்கி வழிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

மாரிராஜ் சாயங்காலம் வந்ததும் கேட்டாள். அவன் மறைக்கவே இல்லை. மறைத்திருந்தால்கூட ஒரு குற்ற உணர்ச்சி இருக்கிறது என்று தேறியிருப்பாள்.

“ஆமா. நாலாயிரம் மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கேன். அதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க” என்றான். “காப்பிதான எடுத்தா. நம்மட்ட இருந்து ஒன்னு கொறஞ்சுதா? எடுத்துப் பாரு, எல்லாம் அப்படியேதான் இருக்கு. எங்க ஆபீசுல ஒரு பண்டல ஒருத்தன் தூக்கிட்டுப் போனா இங்கன ஒன்னு கொறையும். இதுல என்ன கொறஞ்சுது?”

“அது நம்ம சொத்து இல்லங்க. அவிய நம்மள நம்பிச் சொன்னது.”

“பேருதான. பத்திரிகையில அச்சாகி ஊரெல்லாம் போற பேருதான.”

அச்சாகாத பெயர்களும் அதில் இருக்கின்றன என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. இத்தனை வருஷம் சொல்லாதது எவ்வளவு நல்லது என்று அப்போதுதான் தோன்றியது, அப்படித் தோன்றியதே அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்தது. “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. இத்தன மாசமா அவளப் புகழ்ந்துக்கிட்டுத் திரிஞ்சேனே, கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க.”

“நீ அம்புட்டு சந்தோசமா இருந்த. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்” என்றான் மாரிராஜ். அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கூட இருந்து குழி பறிக்கிறவனுக்குத் தான் பறிப்பது குழி என்றாவது தெரிந்திருக்க வேண்டும். இவனுக்கு அதுவும் தெரியவில்லை. அவள் அன்றைக்கு அவனுக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. அவன் இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி சங்கரம்மாள் வந்தாள். மாரிராஜ் உள்ளறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். விஜி தலையில் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளச் செல்விக்கு நல்ல சந்தர்ப்பம். தெருவில் யாரும் அவளைத் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள், பாதி உண்மையும் அதுதான். ஆனால் இந்தப் பொம்பளை தன் வீட்டுச் சண்டையைச் சொன்னது விஜியிடம் அல்ல.

“எங்க வீட்டுலதான் குடுத்தாவ மதினி” என்றாள். “பெட்டிய ரிப்பேர் பண்ணின காசுக்குப் பதிலா. எனக்குத் தெரியாது. ஆனா குடுத்தது எங்க வீடுதான்.”

உள்ளே பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. மாரிராஜ் வெளியே வரவில்லை.

 சங்கரம்மாள் திட்டுவாள் என்று செல்வி எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சங்கரம்மாள் பெஞ்சை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“எங்க வீட்டுத எடு. அழி. நான் பாக்கணும்” என்றாள்.

செல்வி எடுத்தாள். சங்கரம்மாளின் மாமனார் தொடங்கி, பேரப்பிள்ளைகள் வரைக்கும் நாற்பத்திரண்டு பெயர். சங்கரம்மாள் எழுத்துக் கூட்டி மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகப் படித்தாள். தம்பியின் பெயர் வந்தபோது நிறுத்தி, பிறகு படித்து முடித்தாள். “ம்” என்றாள். செல்வி அழித்தாள். குப்பைத்தொட்டிப் படத்தைத் திறந்து அதற்குள்ளிருந்தும் அழித்தாள். ஒரு நொடிகூட ஆகவில்லை.

“போயிருச்சா?”

“போயிருச்சு மதினி.”

“விஜிகிட்ட?”

செல்வி கையை மடியில் வைத்துக்கொண்டாள். “விஜிகிட்ட இருக்கு” என்றாள்.

சங்கரம்மாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டாள். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாரேன் என்றுதான் இந்தப் பக்கத்தில் சொல்வார்கள், ஜென்மப் பகையாளி வீடாக இருந்தாலும் அப்படித்தான்.

“போறேன் தாயி” என்றாள் சங்கரம்மாள்.